பக்கம் காலியாக இருக்கக் கூடாது

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, கொழுந்தைப் பறித்து விற்பதைவிடப் பறிக்காமல் விடுவதே மேல் என்று குன்னூரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. டன்மோர் எஸ்டேட் முதலாளி செல்லதுரை மட்டும் உட்காரவில்லை. ஃபாக்டரியை மூடினார், வெள்ளையடித்தார், 'டன்மோர் பொறியியல் கல்லூரி' என்று பலகை மாட்டிவிட்டார். கொழுந்து வாடப் போட்ட மேல்மாடி கம்ப்யூட்டர் லேப் ஆனது. இலை உருட்டிய கூடம் வகுப்பறை ஆனது. ஷிஃப்டுக்கு ஊதிய அதே சங்குதான் எங்களுக்குப் பீரியட் மணி. தோட்டத்து ஆட்களைக் காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு என்று, அதே களத்தில் அதே சூப்பர்வைசரை வைத்து எங்களையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை தெரியாது, பாவம்.

நான் கமலேஷ். அப்பாவுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் டீத்தூள் கடை. டன்மோரிலிருந்துதான் தூள் எடுப்பார். தூள் வருவது நின்றுபோனதும் பையனை அனுப்பி வைத்தார். பழகிய இடம் என்று அதற்குக் காரணம் சொன்னார்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று உண்டு. மாணவன் தன் மூளையைக் கசக்கி ஒரு மென்பொருள் செய்து, அதை ஆய்வேடாக எழுதி, கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பேர் பொறித்துக் கொடுக்க வேண்டும். இதில் மூளை சமாச்சாரத்தைப் பற்றி எங்கள் கல்லூரியில் யாரும் கவலைப்பட்டதில்லை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. தையற்கடையில் ஆல்பம் காட்டுவார்களே, அப்படிக் காட்டுவார்கள். நூலகம், மருத்துவமனை, சம்பளப் பட்டியல், எது வேண்டும்? விரலை வைத்தால் போதும், சாயங்காலத்துக்குள் சி.டி.யும் புத்தகமும் உங்கள் பேரில் தயார். நான் நூலகம் எடுத்தேன். எங்கள் கைடு ரவிக்குமார் சார் அதற்கு முந்தின வருஷம் படித்து முடித்தவர், அவரும் அதே நூலகத்தைத்தான் வாங்கியிருந்தார். அதனால் அந்தத் துறையில் அவருக்கு நல்ல பிடிப்பு.

முதலில் ஜீரோத் ரிவ்யூ. ரிவ்யூ செய்ய ஒன்றுமே இல்லாதபோது நடக்கும் ரிவ்யூ அது. எங்கள் துறைத் தலைவர் மயில்சாமி ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தம்பிகளா, ப்ராஜெக்ட்டுனா என்னமோன்னு பயந்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "உள்ளே என்ன வேணாலும் எழுதிக்கங்க. நான் கேக்கப் போறதில்லீங்க. இடது பக்கம் ஒன்றரை இஞ்சு மார்ஜின் விடோணும். படத்துக்கு அடியில நம்பர் போடோணும். முக்கியமா, எந்தப் பக்கமும் பாதியில நிக்கக் கூடாதுங்க. பக்கம் காலியா கெடந்தா யுனிவர்சிட்டிக்குச் சந்தேகம் வரும். என்ற சர்வீசுல நான் ஒரு ப்ராஜெக்ட்டையும் படிச்சதில்லீங்க. ஆனா, ஒரு தப்பையும் விட்டதில்லீங்க."

எல்லோரும் கை தட்டினோம். தட்டாமல் உட்கார்ந்திருந்தது இந்துமதி ஒருத்திதான். அவள் அவர் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தாள்.

இந்துமதி அந்த எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். தொழிலாளி பிள்ளை என்று கருணை காட்டிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா தெய்வம்மா கொழுந்து பறிப்பவர், சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர்கள் வீட்டு விஷயம் ரொம்ப எளிது. தோட்டத்து ஆட்களின் பதிவுக்குச் செக்ரோல் என்று பேர். தெய்வம்மாவின் பேர் செக்ரோலில் இருக்கும்வரை லயத்தில் அந்த ஒற்றை அறை அவர்களுடையது. பேர் போனால் வேலையும் போகும், வீடும் போகும். மலையில் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இந்தப் பெண்ணுக்குக் காந்திபுரம் போகத் தோன்றவில்லை. கையில் காசில்லாததும் ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ப்ராஜெக்ட் என்றால் செய்ய வேண்டும் என்று அவள் நம்பிவிட்டாள். வெளி ஃபாக்டரிக்கு அனுப்ப லயத்துப் பெண்கள் இன்னும் கொஞ்சம் பறித்துவந்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு நிறுத்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும்படி ஒரு மென்பொருள் எழுதினாள். மேல்மாடியில் குளிரில் விரல் விறைக்க, ராப்பகலாக அவளே உட்கார்ந்து எழுதினாள். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. வேண்டாம் புள்ளே, ஊரோடு ஒத்துப் போ என்று சொல்லியும் பார்த்தேன்.

"எங்கம்மா பேருல ஒரு சீட்டு அடிச்சுப் பாத்தேன் கமலேசு, அப்படியே வருது" என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபிறகு நான் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் ரிவ்யூவில் மயில்சாமி ஸ்கேலை வைத்துப் பார்த்து, மார்ஜினில் நூல் அளவு குறைகிறது என்று அவளைத் திருப்பி அனுப்பினார். என் நூலகம் ஒரே தடவையில் தேறியது. இத்தனை வருஷமாகத் தேறித் தேறிப் பழகிய மார்ஜின் அது.

இரண்டாவது ரிவ்யூவுக்குச் செல்லதுரையே வந்து உட்கார்ந்தார். கல்லூரியில் அவருக்குக் கரஸ்பாண்டென்ட் என்று பேர். தோட்டத்தைப் பற்றி ஒரு பெண் ஏதோ செய்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்துமதி எடைச் சீட்டை அச்சடித்துக் காட்டினாள். அவர் அதை விரல் நுனியில் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"எடை போடறதுக்குத் தராசு இருக்குதும்மா. கணக்கு எழுதக் கணக்கப்பிள்ளை இருக்காரு. இதுல கம்ப்யூட்டர் என்ன பண்ணுது?"

"யாருக்கும் ஏமாத்தம் வராமப் பாத்துக்கும் ஐயா" என்றாள் இந்துமதி.

"யாரு யாரை ஏமாத்துறது?" என்று கேட்டார் அவர். அந்த அறையில் திடீரென்று எல்லோருக்கும் குளிர ஆரம்பித்தது. மயில்சாமி அவசரமாக ஸ்கேலைத் தூக்கினார்.

"ஐயா கேக்கறது சரிதானுங்க. கணக்கு மட்டும் எழுதுனா அது ப்ராஜெக்ட் ஆகாதுங்க. டெசிஷன் மாட்யூல் எங்கே? முடிவு எடுக்கோணும். முடிவு எடுக்காத சாஃப்ட்வேரை யுனிவர்சிட்டி ஒத்துக்காதுங்க."

"என்ன முடிவு சார்?"

"அது உங்க பாடுங்க. ஏதாச்சும் ஒரு முடிவு."

செல்லதுரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் சொல்றேன் கேட்டுக்கம்மா. தேயிலை இருக்கற இருப்புக்கு இத்தனை ஆளு எதுக்கு? யாரு வேணும், யாரு உபரின்னு சொல்லட்டும் உன் கம்ப்யூட்டர். நாங்க சொன்னா யூனியன்காரன் கொடியைப் பிடிச்சுட்டு வந்து கேட்டுல நிக்கறான். நானும் மனுசன்தானே, எனக்கும் ராத்திரி தூக்கம் வரணுமில்ல? கம்ப்யூட்டர் சொல்லிட்டா யாரு மேல கொடி பிடிப்பான்?" சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சம்பிரதாயம் அப்படி.

இந்துமதி திருதிருவென்று விழித்துக்கொண்டு வெளியே வந்தாள். ரவிக்குமார் சார் தோளில் தட்டாத குறையாக ஆறுதல் சொன்னார். "இதுக்குப் போயி மூஞ்சியைத் தொங்கப் போடறியே. லாஜிக்கெல்லாம் எவன் பார்க்கறான்? ஒரு பட்டன் வை. அழுத்துனா நாலு பேரு வரணும். சும்மா டம்மிதான். ஆனா பேரு மட்டும் நிஜமா இருக்கட்டும். ஏ, பி, சின்னு போட்டா ரியல் டைம் ப்ராஜெக்ட் இல்லைன்னு மயில்சாமி சார் கழிச்சுடுவாரு."

அப்படித்தான் அந்தப் பட்டன் பிறந்தது. 'உபரி ஆட்கள்' என்று அதற்குப் பேர். அதன் உள்ளே ஒரு மண்ணும் கிடையாது. தட்டி வைத்த பேர்களைத் தட்டின வரிசையில் எடுத்துக் காட்டும், அவ்வளவே. யார் பேரைத் தட்டுவது என்பதுதான் அவளுக்குப் பெரிய குழப்பம். நானும் அன்று லயத்துக்குப் போயிருந்தேன். பறிக்காமல் விட்ட தேயிலைச் செடிகள் ஜன்னலுக்கு மேலே வளர்ந்து, வீட்டுக்குள் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. தெய்வம்மா கறுப்புத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

"லிஸ்டுன்னாலே எனக்குப் பயம் புள்ள" என்றார் தெய்வம்மா. "எங்கப்பன் பேர ஒரு லிஸ்டுல எழுதுனாங்க, குடும்பத்தோட கப்பல்ல ஏத்திட்டாங்க. என்னாத்துக்கு இந்தப் பேரு எழுதுற வேலையெல்லாம்?"

"பாடத்துக்கும்மா. சும்மா."

"சும்மான்னா சரி. ஆனா ஊரான் பேரப் போடாத. இன்ன பேரு வேணாம்னு எழுதிட்டான்னு தெரிஞ்சா மனசு நோவாளுக. நம்ம லயத்துப் பேரப் போடு. என் பேர மொதல்ல போடு. அப்பத்தான் மத்தவளுக கோவிச்சுக்க மாட்டாளுக. ரெண்டாவது இசக்கியம்மா பேரப் போடு, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா." இசக்கியம்மா பக்கத்து அறைக்காரி, அவரோடு ஒரே கப்பலில் வந்தவள்.

மூன்றாவது பேரோடு இந்துமதி நிறுத்திக்கொண்டாள். அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். மயில்சாமி ஸ்கேலைக் குறுக்கே வைத்து, நெடுக்கே வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னங்க அம்மிணி இது? மூணு பேரு. மிச்சப் பக்கமெல்லாம் வெள்ளையாக் கெடக்குது. ஜீரோத் ரிவ்யூல என்ன சொன்னனுங்க?"

"அவ்வளவு பேர்தான் சார் உபரின்னு வச்சேன். மாதிரிதானே."

"மாதிரியா இருந்தாலும் நிறைவா இருக்கோணுமுங்க. பக்கம் நிறையற வரைக்கும் ஆளை ஏத்துங்க."

அவள் ஏற்றினாள். லயத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். கடைசி வரியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததால், பிரசவத்துக்குப் போயிருந்த மூக்கம்மாவும் ஏறினாள். பக்கம் அடிவரை நிறைந்தது. அடியில் 'படம் 5.4: சாம்பிள் அவுட்புட்' என்று இங்கிலீஷில் போட்டாள். அறுபத்து மூன்றாம் பக்கம். மயில்சாமி ஸ்கேல் வைத்துப் பார்த்து, முதல் முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குச் சமவெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு பிரட்டி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். என்னிடம் நூலகம் என்றால் என்ன என்று கேட்டார். புத்தகம் இருக்கும் இடம் என்றேன். திருப்திப்பட்டார். இந்துமதியிடம் ஒன்றும் கேட்காமல் பட்டனைத் தானே அழுத்தினார். பேர்கள் வரிசையாக வந்து விழுந்தன. "பிரமாதம்மா. எவ்வளவு வேகமா முடிவெடுக்குது பாருங்க, மனுஷன் யோசிச்சுட்டே நிப்பான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அவசரமாகப் பாத்ரூம் எங்கே என்று விசாரித்தார்.

கல்லூரி விழாவில் சிறந்த ப்ராஜெக்ட் பரிசு இந்துமதிக்கு. தெய்வம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலையில் அவர் கூசிக் கூசி ஏறினார். செல்லதுரை தன் கையாலேயே சால்வை போர்த்தினார்.

"இந்தத் தாயோட கொழுந்து கிள்ளின கை, கம்ப்யூட்டர் தட்டற பொண்ணைக் கொடுத்திருக்கு" என்று மைக்கில் உருகினார். "நம்ம எஸ்டேட்டுக்கு இந்தப் பொண்ணு செஞ்ச உதவியை மறக்க மாட்டேன். இந்த அம்மாவுக்கும் சீக்கிரமே ஓய்வு கிடைக்கும்."

எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். ஓய்வு என்றது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சங்கு நேரம் கெட்ட நேரத்தில் ஊதி விழாவை முடித்து வைத்தது.

அந்த வாரமே பெரட்டுக் களத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். புதிதாக எதுவும் எழுதவில்லை. ஆய்வேட்டின் அறுபத்து மூன்றாம் பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். மார்ஜின் சரியாக இருந்தது. அடியில் 'சாம்பிள் அவுட்புட்' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே பேனாவால் தமிழில் ஒரே ஒரு வரி: மேற்கண்டோர் உபரி, வீட்டைக் காலி செய்யவும்.

தமிழ் வரியைப் படிக்க யாரும் குனியவில்லை. தெய்வம்மாவுக்கு அந்தப் பக்கத்தின் முகம் தெரியும், வீட்டில் பார்த்திருக்கிறார். "நம்ம இந்து எழுதுனதுதான், எல்லாரு பேரும் போட்டிருக்கா, மொத பேரு என்னோடது" என்று பெண்களுக்குக் காட்டியிருக்கிறார். இன்னொரு பரிசு என்று நினைத்து எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் வந்து வாசித்துச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லையாம்.

யூனியன்காரர் வந்தார், வராமல் இல்லை. ஆபீஸில் அவருக்குக் கெட்டி அட்டை போட்ட ஆய்வேட்டைக் காட்டினார்கள். தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே துறைத் தலைவர் கையெழுத்து, வெளித் தேர்வாளர் கையெழுத்து. "யுனிவர்சிட்டியே சொல்லிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்துமதி மயில்சாமியிடம் ஓடினாள். நானும் கூடப் போனேன். உள்ளே போனதும் அழுதுவிட்டாள்.

"சார், அது பொய் சார். அந்தப் பட்டன்ல ஒண்ணுமே இல்ல. நான் தட்டின பேர்தான் சார் வருது. நீங்கதான் பக்கம் நிறையணும்னு சொன்னீங்க."

மயில்சாமி ஆய்வேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார். "இதென்னங்க? 'இது என் சொந்த உழைப்பில் செய்த உண்மையான ஆய்வு' அப்படின்னு உறுதிமொழி. கீழே உங்க கையெழுத்து. இப்ப பொய்ங்கறீங்க. அப்படிச் சொன்னா டிகிரி போயிருமுங்க அம்மிணி. காந்திபுரத்துல வாங்கியிருந்தாலாச்சும் இந்தச் சிக்கல் இல்லை. சொந்தமாச் செஞ்சு வச்சிருக்கீங்க, இப்ப நான் என்ன பண்றது?"

"போகட்டும் சார். என்னை ஃபெயில் போடுங்க. எழுதிக் குடுக்கறேன்."

அவர் பதறிப்போய்விட்டார். "ஃபெயிலா? குன்னூர் பஸ் ஸ்டாண்டுல நூறு சதவீதம் தேர்ச்சின்னு பேனர் கட்டியாச்சுங்க! அதைக் கழட்டச் சொல்றீங்களா? ஒருத்தருக்காக ஒரு நிறுவனத்தோட பேரு கெடலாமுங்களா?"

அதற்குமேல் செல்லதுரைதான். அவர் ரொம்ப மரியாதையாக எங்களை உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். டீ எங்கள் கடைத் தூள்போல இல்லை, ஏதோ பாக்கெட் டீ.

"நான் யாரையும் அனுப்பலைம்மா" என்றார். "எனக்கு அந்த மனசு கிடையாது. உங்கம்மாவுக்கு என் கையால சால்வை போட்டேன். ஆய்வு சொல்லுது, நான் கேக்கறேன். படிச்சவங்க சொல்றதை முதலாளி கேக்கலைன்னா நாடு எப்படி முன்னேறும்?" கொஞ்சம் யோசித்தார். "ஆனா, எங்கிட்டப் படிச்ச பொண்ணு நீ. உனக்காக ஒண்ணு பண்றேன். உங்கம்மா பேரை எடுத்துடு. அந்த வரியில வேற பேரு ஒண்ணு போட்டுப் புதுசா அச்சடிச்சுக் குடு. மயில்சாமி, சரியா வருமில்ல?"

"வருமுங்க ஐயா. வரி மட்டும் காலியா இருக்கக் கூடாதுங்க" என்றார் மயில்சாமி.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும், சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் அவள் சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது. ஒரே ஒரு வரிதானே. எஸ்டேட்டில் எத்தனையோ லயம், எத்தனையோ பேர். இந்துமதி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். தெய்வம்மா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"யாரு பேரப் போடுவ? கீழ் லயத்துக்காரி எவளாச்சும் கெடச்சாளா? அவளுக்கும் பசங்க இருக்குல்ல? வுடு புள்ள. அந்தக் கயித்த எடுத்துக் குடு."

இந்துமதி கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த லயமே காலியானது. எந்த வீட்டிலும் வெளிச்சம் இல்லாததால் பாதையில் நின்று பார்த்தால் வெறும் தேயிலைக் காடுதான் தெரிந்தது, அதற்குள் வீடு இருப்பதே தெரியவில்லை.

கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் என் மாமா ஆறுக்குட்டி சூப்பர்வைசராக இருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அவரிடம் பேசினேன். தற்காலிகமாக நாள் கூலி, பிறகு செக்ரோல், பேர் பதிந்ததும் லயத்தில் ஓர் அறை என்று ஏற்பாடு. இடைப்பட்ட நாட்களில் தாயும் மகளும் எங்கள் கடைப் பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே இருந்தார்கள். இந்துமதிக்கு வேலை எங்கும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அந்த வருஷம் ஆள் எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தன. டிகிரி வாங்க அவள் போகவில்லை, தபாலில் வந்தது.

கூடலூருக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தெய்வம்மா வழியெல்லாம் கொழுந்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இங்கே செடியெல்லாம் மட்டமாகக் கவாத்து வெட்டி நன்றாக வைத்திருக்கிறார்கள் என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. மாமா எஸ்டேட் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். அவர் என் கண்ணைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தபடி வாங்க வாங்க என்றார்.

வாசலில் ஒரு பலகை. பலகையில் ஒரு தாள். நான்தான் முதலில் பார்த்தேன். இடது பக்கம் ஒன்றரை அங்குலம் மார்ஜின். அறுபத்து மூன்றாம் பக்கம். படம் 5.4.

பக்கத்தில் நின்ற இந்துமதி, அம்மா கண்ணில் படாதபடி பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. ரிவ்யூவுக்குக் கொடுத்த சி.டி.யை ரவிக்குமார் சார் காந்திபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஆல்பத்தில் 'எஸ்டேட், புதியது, பரிசு பெற்றது' என்று ஏறியிருக்கிறது. இந்த எஸ்டேட் முதலாளியின் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், அவன் வாங்கியிருக்கிறான். அட்டையில் தன் பேரை மாற்றினான். உள்ளே இருந்த பேர்களை மாற்றவில்லை. மாற்றினால் வரி அலைந்து பக்கம் கெட்டுவிடும் என்று சென்டரில் எச்சரித்திருக்கிறார்கள்.

ஆபீஸில் ரைட்டர் ஒருவர் செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையாளம் கலந்த பேச்சு.

"ஆறுக்குட்டி, ஆளு கொண்டு வந்தாச்சா? நன்னாயி" என்றார். "இங்க ஒரு கஷ்டம் கேட்டீங்களா. சின்ன முதலாளி படிச்சு ஒரு லிஸ்ட் போட்டிருக்காரு, இத்தன பேரக் கழிக்கணும்னு. லிஸ்டுல உள்ள ஆளு ஒண்ணுகூட இவிட இல்லா. மொத பேரு தெய்வம்மா. எஸ்டேட் முழுக்கத் தேடியாச்சு. ஆளு இல்லாம எங்ஙன கழிக்கிறது? பெரிய முதலாளி சத்தம் போடுறாரு. அதனால, அந்தப் பேருல யாராச்சும் வந்தா உடனே செக்ரோல்ல சேத்துக்கிட்டு, பெறவு கழிச்சிடலாம்னு முடிவு."

மாமா தரையைப் பார்த்தார். பலகையைப் பார்க்காவிட்டாலும் தெய்வம்மாவுக்கு இது புரிந்துவிட்டது. இந்துமதி அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தக் கறுத்த விரல்கள் வெளுத்தன.

"வாம்மா, போலாம்" என்றாள்.

"எங்க போறது புள்ள?" என்று மெல்லக் கேட்டார் தெய்வம்மா.

ரைட்டர் பேனாவை உதறினார். "சேச்சி, பேரு சொல்லுங்க."

தெய்வம்மா பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையை விடுவித்துவிட்டு, ஓர் அடி முன்னால் போனார்.

"இசக்கியம்மா" என்றார்.

ரைட்டர் எழுதவில்லை. பக்கத்திலிருந்த தாளின் பிரதியை இழுத்து, முதல் பேரில் விரலை வைத்தார். பிறகு விரல் ஒரு வரி கீழே இறங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதும் உண்டல்லோ! ரெண்டாவது பேரு. வாங்க, இங்க ஒரு கைநாட்டு வைங்க" என்றார்.